சம்பந்தி வீட்டு ஹல்வாவும் இனோபத்தின் கன்னமும்

உஸ்பெகிஸ்தானில், மார்கிலான் சந்தையில் கீரைக்காரிகள் உட்காரும் வரிசையின் கடைக்கோடியில், தண்ணீர்க் குழாயை ஒட்டி இனோபத்தின் இடம். வசந்தம் வந்தால் உஸ்மா இலை விற்பாள். அதைக் கசக்கிச் சாறு பிழிந்து புருவத்தில் தீட்டாத பெண் அந்த ஊரில் கிடையாது. மற்ற மாதங்களில் முகத்தில் பூசுகிற கெட்டித் தயிரும், ஆப்ரிகாட் கொட்டை எண்ணெயில் அவளே குழைத்த களிம்பும் போகும். பெயர்ப்பலகை என்று ஒன்று வைத்ததே இல்லை. பலகை எதற்கு, கன்னம் இருக்கும்போது?

யாராவது களிம்பு டப்பாவைக் கையில் எடுத்து, "இது நெஜமாவே வேலை செய்யுமா அக்கா?" என்று இழுத்தால் போதும். இனோபத் முகத்தை முன்னால் நீட்டிவிடுவாள்.

"தொட்டுப் பாரு. சும்மா தொடு, கடிக்க மாட்டேன். எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கா. நம்ப முடியுதா?"

தொட்டவள் வாங்காமல் போனதில்லை.

உண்மையைச் சொன்னால் இனோபத் என்னிடம் சண்டைக்கு வருவாள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்னத்துக்கும் களிம்புக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் கிடையாது. கடைகளில் சரக்கில்லாமல் அலமாரி மட்டும் இருந்த வருஷங்களில் வளர்ந்தவள் அவள். வீட்டில் பச்சைப்பயறுக் கஞ்சி, புளித்த தயிர், வாய்க்கால் ஓரத்துக் கீரை, கூரையில் காய்ந்த ஆப்ரிகாட், இவ்வளவுதான். இனிப்பு வேண்டுமென்றால் யாருக்காவது கல்யாணம் ஆகவேண்டும். நல்ல காலம் வந்த பிறகும் அவள் நாக்கு பழைய வழியிலேயே போயிற்று. உள்ளே போன கஞ்சியும் கீரையும் வேலை பார்க்க, மேலே உட்கார்ந்த களிம்பு பேரைத் தட்டிக்கொண்டு போயிற்று. இது அவளுக்கும் தெரியாது, வாங்கினவர்களுக்கும் தெரியாது.

போன இலையுதிர் காலத்தில் மகள் ஓய்தினுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு கோகந்தில். சம்பந்தி நோசிர், ஹல்வா கிண்டுகிறவர். கோகந்தில் ஹல்வா கிண்டுகிறவர்களுக்குப் பஞ்சமா? ஆனாலும் 'உஸ்தா', அதாவது கைதேர்ந்தவர், என்று மொட்டையாகச் சொன்னால் அது அவர் ஒருத்தரைத்தான் குறிக்கும். இனோபத்தின் கன்னத்துக்குக் கண்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

கல்யாணமான முதல் வருஷம் சம்பந்தி வீடுகளுக்கு நடுவே தாம்பாளம் போகவேண்டும், வரவேண்டும். துணியால் மூடி நாலு முனையும் முடிந்த பெரிய தாம்பாளம். வந்ததை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது, நிரப்பித்தான் அனுப்ப வேண்டும். அனுப்பினதை அங்கே ஆசையாகச் சாப்பிட்டார்களா, அக்கம்பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்களா என்பதை இரண்டு வீடும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். அதில் ஏதாவது குறை தெரிந்தால் புதுப்பெண்ணின் தலையில்தான் விடியும்.

ஓய்தின் போன் பண்ணுவாள். "அம்மா, போன தடவை பிஸ்தா போட்டது அனுப்புனாங்களே, அது புடிச்சுதானு மாமியார் கேக்குறாங்க. சாப்பிட்டியா இல்லையா? பொய் சொல்லாதே, நீ பொய் சொன்னா எனக்குக் குரல்லயே தெரியும்."

"சாப்பிட்டேன்டி, எங்கே போவேன்?"

இதாவது பரவாயில்லை. ஓய்தினின் மாமியார் கரோமத்தைக் கூட்டிக்கொண்டு, தாம்பாளத்தோடு உஸ்தாவே வந்துவிடுவார். வந்து இனோபத்துக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் வாயையே பார்ப்பார்.

"எப்படி இருக்கு சம்பந்தியம்மா? போன தடவைக்கு இது தேவலையா?"

இனோபத்திடம் ஒரு கெட்ட பழக்கம். வயதைக் குறைத்துச் சொல்வாள், களிம்பின் பெருமையைக் கூட்டிச் சொல்வாள், ருசி விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் வராது.

"போன தடவை எள்ளு வாசம் வாயில நின்னுச்சு. இது தொண்டையில எறங்குன உடனே காணாமப் போகுது" என்பாள்.

கரோமத்தின் உதடு சுருங்கும். ஆனால் உஸ்தாவுக்கு முகமெல்லாம் பிரகாசம். "அப்படியா? இன்னொரு துண்டு எடுங்க. மெதுவா மென்னு சொல்லுங்க." அவர் மட்டும் தொட மாட்டார். வெறும் பச்சைத் தேநீர்தான் குடிப்பார். கேட்டால், "கிண்டுறவனுக்கு வாசத்துலயே வயிறு நெறஞ்சிடும்மா" என்று சிரிப்பார். மீதி இருப்பதையெல்லாம் இனோபத்தின் புருஷன் ஷோகிர் தின்று தீர்ப்பான்.

குளிர்காலத்தின் நடுவில் இனோபத்தின் மோவாயில் ஒரு பரு வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அது போய்த் தன் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தது. கொஞ்ச நாளில் இரண்டு கன்னமும் சிவந்து, தடித்து, தொட்டால் எரிந்தது. தன் களிம்பையே அப்பினாள். எண்ணெய் மேல் எண்ணெய் ஏறி இன்னும் மோசமாயிற்று. ஒரு தாம்பாளம் ஹல்வா தின்ற ஷோகிரின் முகமோ வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"உனக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?"

"எனக்கு மனசு சுத்தம்" என்றான் ஷோகிர். அன்று அவனே தேநீர் போட்டுக் குடிக்க வேண்டியதாயிற்று.

சந்தையில் எதிர்க் கடை சபோஹத்துடையது. பளபளக்கும் அட்டைப் பெட்டிகளில் வெளிநாட்டுப் பூச்சு விற்பவள். இத்தனை வருஷமாக இனோபத்தின் கன்னத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள். விடுவாளா?

"அக்கா, உன் பலகையில பெயின்ட் உரிஞ்சுக்கிட்டு வருதே! வேணும்னா எங்கிட்ட ஒரு டப்பா இருக்கு, சும்மாவே தர்றேன்."

"உன் டப்பாவை நீயே பூசிக்கோடி. உனக்குத்தான் ரொம்ப அவசரம்" என்று இனோபத் வெடுக்கென்று சொன்னாள். ஆனால் மறுநாளிலிருந்து முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். கேட்டவர்களிடம் பல்வலி என்றாள். வெங்காயக்காரன் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தான். ஒருத்தி பல் பிடுங்குகிற தன் கொழுந்தனைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். அவனை அனுப்பி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கன்னத்தைக் காட்டாமல் களிம்பு விற்பது எப்படி? வாடிக்கைக்காரிகள் டப்பாவை எடுப்பார்கள், அவள் முக்காட்டைப் பார்ப்பார்கள், டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போவார்கள். உஸ்மா பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் முகம் தெளியாவிட்டால் அந்த வருஷம் போச்சு, சந்தையில் அவள் பெயரும் போச்சு. இனோபத்துக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

பக்கத்தில் கொத்தமல்லி விற்கும் முகர்ரம் முக்காட்டை விலக்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னாள்: "சூடு."

அங்கே எந்தப் பண்டமானாலும் ஒன்று சூடு, இல்லாவிட்டால் குளிர்ச்சி. ஆட்டுக்கறி சூடு, தயிர் குளிர்ச்சி. கறுப்புத் தேநீர் சூடு, பச்சைத் தேநீர் குளிர்ச்சி. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இனோபத் முள்ளங்கி தின்றாள், தயிர் குடித்தாள், பச்சைத் தேநீரை மொண்டு மொண்டு குடித்தாள். வயிறு கடமுடா என்றது. உடனே முகர்ரம், "குளிர்ச்சி ஏறிடுச்சு. தேநீர்ல கற்கண்டு போட்டுக் குடி, சரியாப் போயிடும்" என்றாள். கற்கண்டு சூடாயிற்றே! தேநீர் குளிர்ச்சி, கற்கண்டு சூடு, இரண்டும் சேர்ந்தால் சமம். எவ்வளவு அழகான கணக்கு! கிண்ணத்துக்கு ஒரு கட்டி என்று அவள் கற்கண்டு போட்டுக் குடித்தாள். கன்னம் மட்டும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனாள். டாக்டர் முனிஸா சின்ன வயசுக்காரி, ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்பவள்.

"இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா அக்கா?"

"இப்போ கொஞ்ச நாளாத்தான்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஆனா சில பேருக்கு இனிப்பு சேரச்சேர முகம் இப்படிப் பொங்கும். சர்க்கரையை நிறுத்துங்க. வெள்ளை ரொட்டியைக் குறைங்க. கீரை, பயறு, பழம், அக்ரூட் சேத்துக்குங்க. அந்தக் களிம்பையும் கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க."

இனோபத் வீட்டுக்குப் போன கையோடு சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். ஷோகிர் தன் தேநீருக்குச் சர்க்கரை தேடி அடுக்களையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இந்த வீட்டுல இனி அந்தப் பேச்சே கூடாது" என்று சொல்லிவிட்டாள். வாரங்கள் போயின. கன்னத்தில் ஒரு பரு குறையவில்லை. கோபத்தோடு டாக்டரிடம் போய் நின்றாள்.

"என்ன வைத்தியம் இது? சர்க்கரையைக் கண்ணால பார்த்து மாசமாகப் போகுது. என் மக மேல சத்தியம்!"

முனிஸா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தேநீர் எப்படிக் குடிக்கிறீங்க?"

"கற்கண்டு போட்டு."

"கற்கண்டு?"

"ஆமா. அது மருந்துதானே?"

"சரி. ரொட்டிக்குத் தொட்டுக்க?"

"ஆப்ரிகாட் பாகு. அது பழம். நீங்கதான் பழம் திங்கச் சொன்னீங்க."

"வேற? ஹல்வா, கில்வா?"

"ஹல்வா வாராவாரம் உண்டு. அதை எப்படி இனிப்புன்னு சொல்றது? அது சம்பந்தி மரியாதை."

முனிஸா நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று இனோபத் பயந்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

"அக்கா, கற்கண்டு சர்க்கரைதான். கட்டியா உக்காந்திருக்கிற சர்க்கரை. பாகும் சர்க்கரை, ஹல்வாவும் சர்க்கரை. நீங்க நிறுத்துனது டப்பாவை மட்டுந்தான்."

இனோபத் அவளை நம்பாமல் பார்த்தாள். பார்வை அப்படியே இறங்கி மேஜை மேலிருந்த டாக்டரின் தேநீர்க் கிளாஸில் போய் நின்றது. கிளாஸின் அடியில் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டி நிம்மதியாகக் கரைந்துகொண்டிருந்தது.

"அப்போ இது என்ன?"

முனிஸாவின் முகம் சிவந்தது. "எனக்குத் தொண்டை கரகரப்பு. எங்கம்மா கொடுத்து விட்டாங்க... மருந்துக்கு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்துவிட்டு வெளியே வந்த இனோபத்துக்குப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. கற்கண்டை விட்டுவிடலாம், பாகை விட்டுவிடலாம். ஹல்வாவை எப்படி விடுவது? உஸ்தா எதிரில் உட்கார்ந்து வாயையல்லவா பார்க்கிறார்! வேண்டாம் என்றால் ஓய்தினை அந்த வீட்டில் எப்படி நடத்துவார்கள்? மகள் இன்னும் அங்கே குரலை உயர்த்திப் பேசக்கூடத் தொடங்கவில்லை. தின்றால் கடை போகும், தின்னாவிட்டால் மகள் நிம்மதி போகும். இனோபத்துக்கு இரண்டு பக்கமும் வழி அடைத்த மாதிரி ஆயிற்று.

அடுத்த தடவை அவள் ஒரு தந்திரம் செய்தாள். உஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பின சமயத்தில் ஹல்வாத் துண்டை மேலங்கிப் பைக்குள் தள்ளிவிட்டு, வெறும் வாயை மென்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் இனோபத். ருசி பார்த்தால்தானே வேறு ஏதாவது சொல்ல முடியும்!

உஸ்தாவின் முகம் வாடிப்போயிற்று. "நல்லா இருக்குன்னா... வேற ஒண்ணும் தோணலையா?" பாவம், அடி வாங்கினவர் மாதிரி இருந்தது அவர் கேட்டது. இனோபத்துக்குப் புரியவில்லை. அதற்குள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பையில் ஹல்வா உருகி, வெண்ணெய் மேலங்கியைத் தாண்டி விரிப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. கரோமத் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஓய்தின் போன் பண்ணினாள். குரல் கம்மியிருந்தது. "அம்மா, நம்ம ஹல்வா உங்கம்மாவுக்கு எளப்பமாப் போச்சானு மாமியார் கேட்டாங்க. நான் என்னம்மா சொல்லட்டும்?"

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். ஓய்தினும் கூட வந்திருந்தாள். இனோபத் முகத்தில் பவுடரை அப்பி வைத்திருந்தாள். பொரிக்க மாவில் புரட்டின மீன்கூட அவளிடம் தோற்றுவிடும். உஸ்தா தாம்பாளத்தை நடுவில் வைத்துத் தானே முடிச்சை அவிழ்த்தார்.

"இதுக்கு இன்னும் பேரு வெக்கலை. உள்ளே என்ன தெரியுமா சம்பந்தியம்மா? நீங்க களிம்புக்கு எடுப்பீங்களே, அதே ஆப்ரிகாட் கொட்டை. சாம்பல்ல போட்டு வறுத்தது. நீங்க சாப்பிட்டுச் சரின்னு சொன்னா, உங்க பேரையே வெச்சுடுறேன்."

மனுஷன் இவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்ததைப் பைக்குள் ஒளிப்பதா? இனோபத் எழுந்து முற்றத்துக் குழாய்க்குப் போனாள். குளிர்ந்த தண்ணீரை அள்ளி முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, முக்காட்டையும் அவிழ்த்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, இந்த மூஞ்சியை நல்லாப் பாருங்க."

ஓய்தின் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அம்மா..."

"நீ சும்மா இருடி. சம்பந்தி, உங்க ஹல்வாவுல ஒரு குறையும் இல்லை. என் தோலுக்குத்தான் ஒத்துக்கலை. கன்னத்தைக் காட்டித்தான் நான் சந்தையில பொழைக்கிறேன். இனியும் தின்னா நான் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு மனசு நோகும், என் பொண்ணு அங்கே தலைகுனியணும். அதுக்குப் பயந்துதான் தின்னேன், பையிலயும் ஒளிச்சேன். கோபம்னா எம்மேல காட்டுங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"அப்போ எங்க வீட்டு ஹல்வா என்ன, விஷமா?" என்று கரோமத் ஆரம்பித்தாள்.

"கரோமத், பேசாம இரு" என்றார் உஸ்தா. அவர் கோபப்படவில்லை. தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "அப்போ இனிமே எனக்கு ருசி யாரு சொல்லுவா?"

ஷோகிர்கூட மெல்லுவதை நிறுத்தினான்.

"எனக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறி வருஷக்கணக்காச்சு" என்றார் உஸ்தா. "டாக்டர் இனிப்பே கூடாதுன்னுட்டார். வாயில வெச்சுத் துப்பினாக்கூட நாக்கு இன்னும் கேக்குது, அதனால தொடுறதே இல்லை. என் கடையில என்ன கிண்டுறேன்னு எனக்கே தெரியாதும்மா. ஹல்வாக்காரனுக்கே இனிப்பு ஆகாதுன்னு வெளியே தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

"நான்தான் தெனமும் சொல்றேனே" என்றாள் கரோமத்.

"நீ எல்லாத்தையும் நல்லா இருக்குன்னு சொல்றே. கடைப் பசங்க என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றாங்க. எள்ளு வாசம் நிக்கலைன்னு எனக்குச் சொன்ன ஒரே ஆளு சம்பந்தியம்மாதான். அன்னைக்கு நீங்களும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, எனக்கு ராத்திரி தூக்கமே வரலை."

இனோபத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இவள் கன்னத்தை மூடிக்கொண்டு திரிந்தாள். அந்த மனுஷன் நாக்கை மூடிக்கொண்டு திரிந்திருக்கிறார். இதற்காகவா இத்தனை நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டோம் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கரோமத் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்றது போதலைன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று புருஷன் தோளில் ஒரு குத்து விட்டாள்.

இனோபத் கையை நீட்டினாள். சுண்டுவிரல் நகத்தளவு கிள்ளி எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உஸ்தாவும் கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல பொலபொலன்னு உதிருது. வெண்ணெய் வருது, அது போதும், கூட வேண்டாம். அப்புறம் வறுத்த வாசம். இருங்க... எல்லாம் போன பிறகு, கடைசியில லேசா ஒரு கசப்பு."

"கசப்பு வருதா?" என்று உஸ்தா முன்னால் நகர்ந்தார்.

"துளியூண்டு. இன்னும் கொஞ்சம் வேணும்னு கேக்க வைக்குற கசப்பு."

"அதைத்தான்மா தேடினேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. ஓய்தின் வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

தாம்பாளம் வெறுமனே திரும்பக் கூடாதல்லவா? அன்று அதில் கீரை வைத்துச் சுட்ட சம்சாவும், ஊறவைத்த பச்சைப்பயறும், ஒரு சட்டி புளித்த தயிரும் போயிற்று. "இது உங்களுக்குத்தான் சம்பந்தி, கடைக்கு இல்லை" என்று இனோபத் சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு கோகந்திலிருந்து வரும் தாம்பாளத்தில் அக்ரூட்டும் காய்ந்த பழமும் குவிந்திருக்கும். நடுவில் ஒரு தேநீர்க் கிண்ணம். அதற்குள் நகத்தளவு ஹல்வா. அவ்வளவு பெரிய துணி முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும்போதெல்லாம் ஷோகிர் பெருமூச்சு விடுவான். இந்த ஏற்பாட்டில் நஷ்டம் அவன் ஒருத்தனுக்குத்தான்.

உஸ்மா பருவம் பாதி போன பிறகுதான் இனோபத்தின் கன்னம் தெளிந்தது. முழுசாக இல்லை, முன்பு இருந்த வழவழப்பு வரவுமில்லை. ஆனாலும் முக்காடு கழுத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு நாள் காலை அவள் மோவாயில் புதிதாக ஒரு பரு, நல்ல சிவப்பாக உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் ருசி பார்த்ததால் வந்ததோ, தானாக வந்ததோ, யார் கண்டார்கள்? எதிர்க் கடையிலிருந்து சபோஹத் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னக்கா அது, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினாள்.

இனோபத் முக்காட்டை இழுக்கவில்லை. மோவாயை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வெளிச்சத்தில் காட்டினாள்.

"இதுவா? இது சம்பந்தி மரியாதைடி" என்றாள். "உனக்குத்தான் குடுத்து வெக்கலை."